இலக்கத் தகடுகள் சொல்லும் கதை: களுதாவளையில் எங்கள் வீட்டுக் கார்கள்

இலங்கையில் ஒரு காரின் வயதை அறிய அதன் பொனற்றைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இலக்கத் தகட்டைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். 1957க்கு முன்னர் பதிவான கார்கள் பலவற்றில், 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்த குறிகள் இருந்தன: ஈ.எல்., ஈ.என்., ஈ.வை., சி.என்., சி.வை. என்றவாறு. 1957இன் தொடக்கத்திலிருந்து சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த எழுத்துப் போய், எண்களுக்கிடையே ஒரு சிறு கோடு வந்தது. 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துகள் திரும்பி வந்தன. கூடவே மாகாணத்தைச் சுட்டும் குறியும் சேர்ந்துகொண்டது. 2023இலிருந்து மாகாணக் குறி கைவிடப்பட்டது. இந்த நாட்டின் அரசியலை வேறெந்த நூலையும் புரட்டாமல், வீதியோரத்தில் ஒரு மணிநேரம் நின்றே ஒருவர் ஓரளவு படித்துவிடலாம்.

எங்கள் குடும்பத்துக்கு எழுபது ஆண்டுகளில் நான்கு கார்கள் வாய்த்தன. அவற்றில் மூன்று வீட்டை விட்டுப் போயின. ஆனால் பழசாகிப் போனதால் போனது எதுவும் இல்லை. முதலாவதை வெள்ளம் கொண்டுபோனது. இரண்டாவதை நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி கொண்டுபோனது. மூன்றாவதைப் போர் கொண்டுபோனது. நாங்கள் வாங்கினோம், நாங்கள் விற்றோம் என்று வீட்டில் பேசிக்கொண்டாலும், அந்த முடிவுகளில் பாதிக்கு மேல் எங்கோ கொழும்பிலும் காட்டிலும் எடுக்கப்பட்டவை என்பதை நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதிய பிறகே நான் கோத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரும் வீதியும்

களுதாவளையை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் வீதியில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில் இருப்பது எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். வாவிக்கு இப்புறத்தை எழுவான்கரை என்றும் அப்புறத்தைப் படுவான்கரை என்றும் சொல்வோம். பிள்ளையார் கோயிலும் வெற்றிலையும் ஊரின் அடையாளங்கள். மணலில் கிணறு தோண்டி, நீரிறைத்து, வெற்றிலைக் கொடியும் மிளகாயும் வெங்காயமும் வளர்த்தவர்கள் எங்கள் மக்கள். நெல்வயல்கள் பெரும்பாலும் படுவான்கரையில் இருந்தன.

மட்டக்களப்புக்கு 1928இல் ரயில் வந்தது. ஆனால் அது நகரோடு நின்றுவிட்டது; தெற்கே ஒரு மைல்கூட நீளவில்லை. ஆகவே எங்களுக்கு வெளியுலகம் என்றால் அந்த ஒற்றை வீதிதான். நகருக்குள் நுழையக் கல்லடியில் வாவியைக் கடக்க வேண்டும். ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கி 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் அங்கே இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு திசை வாகனங்களுக்கு மட்டுமே அது இடம் தரும். படுவான்கரைக்குப் போவதென்றால் 'பாதை'யில் ஏற வேண்டும். எங்கள் பகுதியில் பாதை என்ற சொல்லுக்கு வழி என்பது மட்டும் பொருளன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், மண்முனையிலும் பாதைகள் ஓடின.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். எங்கள் வீடு அம்மாவின் வீடு. வயலின் பெரும்பகுதியும் அம்மாவழி வந்ததே. அப்பாவின் பெயரில் எழுத்துமூலம் இருந்த ஒரே பெரிய சொத்து கார்தான். அதனாலோ என்னவோ, அதன் பதிவுப் புத்தகத்தை அவர் சாமியறையில் வைத்திருந்தார்.

முதலாவது: ஈ.என். எழுத்துடன் ஓர் ஒஸ்ரின்

1955இல் அப்பா வாங்கியது, ஒருவர் ஓட்டிக் கைமாறிய ஒஸ்ரின் ஏ 40 சொமர்செற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட வகை அது; 1200 சிசி இயந்திரம்; கியர்த்தண்டு ஸ்ரியரிங்கோடு ஒட்டியிருக்கும். திரும்ப வேண்டுமென்றால் கதவுத்தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே எழும்பும். இரவில் அதனுள் விளக்கு எரியும். அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் வீதித் திருப்பத்தில் காத்து நிற்பார்கள்.

அக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கார்களை விரல்விட்டு எண்ணலாம். கார் ஒருவரின் வீட்டில் நின்றாலும் அது அவருடையது மட்டுமாக இருந்ததில்லை. பகலில் அது வெற்றிலைக் கூடைகளையும் வழக்குக்குப் போகிறவர்களையும் ஏற்றியது. இரவில் கதவு தட்டப்பட்டால் அது பிரசவ வலியாகவோ பாம்புக் கடியாகவோதான் இருக்கும். "போடியார், ஒருக்கா எழும்புங்க" என்ற குரலைக் கேட்டதும் அப்பா யார் என்றுகூடக் கேட்பதில்லை. சாவி வாசற்கதவின் அருகே ஆணியில் தொங்கும். அம்மா பழைய சேலை ஒன்றைப் பின்னிருக்கையில் விரித்துவிடுவார். இதற்குப் பணம் வாங்கும் வழக்கம் இருக்கவில்லை. மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு கட்டு வெற்றிலையோ வாசலில் இருக்கும்.

1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே புதிதாகப் பதிவாகும் வாகனங்கள் யாவும் சிங்கள 'ஸ்ரீ'யைத் தாங்க வேண்டும் என்றாயிற்று. அப்போது போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனநாயக்க. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தகட்டில் தமிழ் எழுத்தை எழுதிக்கொண்டு ஓடியவர்கள்மீது வழக்குகள் வந்தன. பழைய கார்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஆகவே ஓர் ஈ.என்., ஓர் ஈ.வை. வைத்திருந்த தமிழர்களுக்கு அந்தப் பழைய கார்கள் திடீரென்று மதிப்புள்ளவையாயின. அப்பா அரசியல்வாதி அல்லர், மேடையேறிப் பேசியவருமல்லர். ஆனால் ஒஸ்ரினை விற்றுப் புதிய கார் வாங்கும்படி யார் சொன்னாலும், "இது ஓடும் மட்டும் ஓடட்டும்" என்பார். அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கும்.

1958 ஜனவரி 1ஆம் நாள் தனியார் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது கிளர்ச்சி மீண்டும் மூண்டது. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள எழுத்தின்மேல் தார் பூசப்பட்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் இந்த இயக்கத்தில் தண்டனை பெற்று மட்டக்களப்புச் சிறையில் இருந்தார். ஏப்ரல் 9இல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் நாடு பற்றியெரிந்தது. ஒரேயொரு எழுத்தால் இத்தனையும் நேர்ந்தது என்று இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எழுத்து சிறியதுதான், அதை யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்ற கேள்வி சிறியதன்று.

எங்கள் ஒஸ்ரினை வென்றது அரசாங்கமல்ல, மழை. 1957 டிசம்பரில் கிழக்கிலங்கையை மூழ்கடித்த பெருவெள்ளத்தில் அது இரண்டு நாள் நீருக்குள் நின்றது. அதற்குப் பிறகு ஓடியதெல்லாம் ஓட்டமன்று. காத்தான்குடியில் இருந்த மெக்கானிக் ஒருவரை நாங்கள் காக்கா என்றே அழைப்போம். அவர் ஒரு வருடத்துக்கு மேல் அதைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். கடைசியில், "போடியார், இதுக்கு இனி நான் செய்யிறது வைத்தியமில்லை, பாவம்" என்றார்.

இரண்டாவது: சிங்கள எழுத்தைச் சுமந்த மொறிஸ் மைனர்

1959இல் அப்பா வாங்கிய மொறிஸ் மைனர் 1000 எங்கள் வீட்டுக்கு வந்த முதலாவது புதுக் கார். ஒரே புதுக் காரும் அதுதான். முன்புறத் தகட்டில் சிங்கள ஸ்ரீ இருந்தது. கார் வந்த அன்று அதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது அந்த எழுத்தைத்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா தேங்காய் உடைத்துச் சந்தனத்தைப் பொனற்றில் தடவினார்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் கார் அது. எங்களுடையதற்கு 948 சிசி இயந்திரம். சாவியைத் திருப்பியதும் மின்சாரப் பெற்றோல் பம்பு 'டிக், டிக்' என்று அடித்து ஓயும். அதன் பிறகே ஸ்ரார்ட் செய்ய வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் இறங்கிப் பொனற்றைத் திறந்து பம்பின்மேல் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டுவது வழக்கம். பற்றரி இறங்கிவிட்டால் முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்றினால் போதும்.

1961 பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மட்டக்களப்புக்கும் அது பரவியது. மட்டக்களப்புக் கச்சேரி ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது. எங்கள் பகுதியிலிருந்து மறியலுக்குப் போனவர்கள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போனார்கள். இயலாத முதியவர்களை அப்பா மொறிஸ் மைனரில் ஏற்றிச் சென்றார். தமிழுக்காகக் கச்சேரி வாசலில் உட்காரப் போனவர்களைச் சிங்கள எழுத்துத் தாங்கிய கார் கல்லடிப் பாலத்தின் மேலாகச் சுமந்து சென்றது. அப்போது சிறுவனான எனக்கு அது வேடிக்கையாகப்படவில்லை. இப்போது எண்ணிப் பார்க்கையில், அந்தத் தலைமுறையின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள்.

கார்களின் வரலாற்றில் 1960களின் தொடக்கம் இன்னொரு வகையிலும் முக்கியமானது. தேயிலையும் இறப்பரும் ஈட்டித் தந்த அந்நியச் செலாவணி குறைந்தது. அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. அதில் முதலில் அடிபட்டவற்றுள் ஒன்று தனியார் கார். அதன் பிறகு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு, வந்த கார்கள்தாம் இலங்கையின் கார்கள். இந்தியாவும் இறக்குமதியை மூடியிருந்தது. ஆனால் அங்கே மொறிஸ் ஒக்ஸ்போர்டின் வார்ப்பிலிருந்து பிறந்த அம்பாசடர் காரை 2014 வரை தாமே செய்துகொண்டிருந்தார்கள். இலங்கையில் 1970களில் உபாலி விஜேவர்த்தன பியற், மஸ்டா கார்களைப் பொருத்தி விற்றார் என்றாலும், நாடெங்கும் ஓடியவை பெரும்பாலும் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் பேஜோக்களுமே. உதிரிப்பாகம் வராத நாட்டில் பழுதுபார்ப்பது கலையாயிற்று. காத்தான்குடிக் காக்கா பித்தளைத் துண்டைத் தேய்த்துப் பாகம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பிற்காலத்தில் மொறிஸ் மைனர் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழிற்கூடம் ஒன்று நாட்டின் தென்பகுதியில் உருவானது என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அது எங்கள் ஊரை நேரே தொட்டது. 1970இல் வந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியையும் இறுக்கியது. யாழ்ப்பாணத்து விவசாயிகள் அதனால் நிமிர்ந்தது பலருக்கும் தெரியும். களுதாவளை மணலில் வெங்காயமும் மிளகாயும் போட்டவர்களும் நிமிர்ந்தார்கள். முதன்முறையாகத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. ஆனால் வாங்குவதற்குக் கார் இல்லை. காசு கொடுத்த அதே கொள்கை காரை மறுத்தது. விளைவாக, இருந்த பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது.

அதே காலத்தில் அரிசிக்கும் நெல்லுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோகக் கூடாது. வீதிகளில் தடை போட்டுப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். படுவான்கரையில் சொந்த வயல் வைத்திருந்த அப்பா, கொழும்பில் பத்திரிகையில் சேர்ந்திருந்த எனக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுவர முடியாமல் இருந்தார். எங்கள் காரின் டிக்கியை முதன்முதலில் திறந்து சோதித்தவர்கள் தேடியது ஆயுதத்தை அன்று, அரிசியை. இலங்கையின் சோதனைச் சாவடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தொடக்கத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்தி இறங்கி நிற்கும் பழக்கத்தை மக்கள் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

1975இல் அக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள். வீடு கட்ட வேண்டும். மொறிஸ் மைனருக்கு, வாங்கிய விலையைப்போல் இருமடங்குக்கு மேல் தர ஒருவர் வந்தார். பதினாறு வருடம் ஓடிய கார் அது. வேறெந்த நாட்டில் அப்படி நடக்கும்? அப்பா ஓர் இரவு யோசித்தார்; மறுநாள் கொடுத்துவிட்டார். அக்காவின் வீட்டு அத்திவாரம் அந்தக் காரின் விலையில் போடப்பட்டது. இன்றும் அவர் அங்கேதான் இருக்கிறார். அப்பாவின் ஒரே சொத்தும் கடைசியில் பெண்வழிச் சொத்தாகிவிட்டது என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாவது: திறந்த பொருளாதாரத்தின் டட்சன்

1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் கட்சி வென்றது. இறக்குமதியின் கதவுகள் திறந்தன. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அதுவரை ஆங்கிலேயப் பெயர்களைச் சொல்லிப் பழகிய நாக்குகள் ரொயோட்டா, நிசான், மிற்சுபிசி என்று சொல்லக் கற்றன. ஆனால் எங்களுக்கு உடனே கார் வரவில்லை. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தது, தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வீதியெங்கும் மரங்கள் கிடந்ததால் எந்தச் சக்கரமும் உருள முடியாமற் போயிற்று. வெற்றிலைத் தோட்டங்கள் மீள இரண்டு வருடம் பிடித்தது.

1981இல் அப்பாவும் தம்பியும் சேர்ந்து ஒரு டட்சன் வாங்கினார்கள். அதன் கதவு சத்தமில்லாமல் மூடும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மூடியதா இல்லையா என்று இரண்டாம் முறை தள்ளிப் பார்ப்பார். கொழும்புக்கு ஒரே நாளில் போய்விட முடிந்தது. இரவில் கதவு தட்டுகிறவர்களும் மீண்டும் வரத் தொடங்கினார்கள்.

1986இல் ஒரு மாலை நான்கு இளைஞர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஐயா, ஒரு கிழமைக்குத் தாங்க" என்றார்கள். அக்காலத்தில் கிழக்கில் வாகனம் வைத்திருந்த பல வீடுகளில் நடந்ததே எங்கள் வீட்டிலும் நடந்தது. அப்பா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பிறகு அவர்கள் பின்னால் முற்றம்வரை போய், "தம்பி, காலையில சோக்கை முழுக்க இழுத்துத்தான் ஸ்ரார்ட் பண்ண வேணும். உடனே ஓட்டக் கூடாது" என்றார். கார் திரும்பி வரவில்லை. யாருடைய கையில் எங்கே முடிந்தது என்பதும் தெரியவில்லை. பதிவுப் புத்தகம் மட்டும் சாமியறையில் இருந்தது. 1989இல் அப்பா காலமானபோது அவர் பெயரில் இருந்த ஒரே சொத்து, இல்லாத ஒரு காரின் புத்தகம்.

1990

1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. ஜூனில் மீண்டும் போர். அந்த ஆண்டின் நடுப்பகுதியைப் பற்றி எழுதும்போது ஒரு சமூகத்தின் துயரத்தை மட்டும் எழுதுவது வரலாறாகாது. எங்கள் ஊருக்கு வடக்கே, இதே வீதியில் உள்ள குருக்கள்மடத்தருகே ஜூலையில் முஸ்லிம் பயணிகள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் மட்டக்களப்பை அடுத்த சத்துருக்கொண்டானில் தமிழர்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டார்கள். பல ஆண்டு காலமாய் ஒருவர் காரை மற்றவர் பழுதுபார்த்த வீதி, ஒருவர் ஊரை மற்றவர் கடக்க அஞ்சும் வீதியாயிற்று. காத்தான்குடிக் காக்காவை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையின் காலத்தில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோலில் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் புகை கக்கிக்கொண்டு அங்கே ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் பக்கத்தில் சிக்கல் வேறு. எரிபொருளைவிட வீதியே பிரச்சினை. வாகனம் வைத்திருப்பவன் இருதரப்புக்கும் கண்ணில் படுவான். எஞ்சியிருந்த ஒன்றிரண்டு கார்களின் பற்றரியைக் கழற்றி மறைத்துவிட்டு, சில்லுகளை எடுத்துக் கற்களின்மேல் நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆகஸ்ட்டில் ஓர் இரவு, என் சின்னம்மாவின் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. பழைய நாளென்றால் யாராவது எங்கள் கதவைத் தட்டியிருப்பார்கள். அன்று தட்டுவதற்கு ஊரில் ஒரு கதவும் இல்லை. ஊரடங்கு வேறு. விடியும்வரை பொறுத்து, வெள்ளைத் துணியொன்றைக் கம்பில் கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். வைத்தியசாலையை அடைந்தபோது நேரம் கடந்துவிட்டது. குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. கொழும்பில் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்தச் செய்தி பன்னிரண்டு நாட்களுக்குப் பின், கைமாறி வந்த ஒரு கடிதத்தில் கிடைத்தது. போரில் இறந்தோர் எண்ணிக்கையை அன்றாடம் எழுதியவன் நான். எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை.

நான்காவது: கிழக்கு மாகாணத்து மாருதி

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்த பிறகு, அந்த வீதி அதுவரை காணாத வாகனங்களைக் கண்டது. தொண்டு நிறுவனங்களின் வெள்ளை ஜீப்புகள் வரிசையாக ஓடின. 2007இல் கிழக்கிலும் 2009 மே மாதத்தில் நாடு முழுவதிலும் போர் முடிந்தது. வீதி அகலமானது. 2013இல் கல்லடியில் புதிய பாலமும், 2014இல் மண்முனையில் பாலமும் திறக்கப்பட்டன. மண்முனைப் பாதை ஓய்வு பெற்றது.

2010இல் வாகன இறக்குமதி வரி குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து, அக்காவின் மகன் 2011இல் லீசிங்கில் ஒரு மாருதி ஆல்டோ எடுத்தார். இருபத்தைந்து வருடங்களுக்குப் பின் வீட்டுக்கு வந்த கார். தகட்டில் கிழக்கு மாகாணத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். எங்கள் கார்களின் தகடுகளில் எக்காலத்திலும் தமிழ் எழுத்து இருந்ததில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மருமகனிடம் சொன்னேன். "இப்ப அதை ஆர் மாமா பார்க்கிற? தவணைப் பணம் கட்டுற நாள்தான் எனக்கு ஞாபகம்" என்றார். அவருடைய கவலை அவருடைய காலத்துக்குரியது.

பிறகு வரலாறு தன் பழைய ஏட்டைத் திரும்பப் புரட்டியது. 2020இல் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. ஓடிய கார்களின் விலை ஏறியது. ஒன்பது வருடம் பழகிய ஆல்டோவுக்கு, வாங்கியதைவிடக் கூடிய விலை சொல்லி ஆட்கள் வந்தார்கள். 1975இல் அப்பாவின் முற்றத்தில் நடந்தது எனக்கு நினைவு வந்தது. 2022இல் நாடு கடனைச் செலுத்த முடியாமல் விழுந்தபோது, இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து எந்த நாளில் எரிபொருள் என்று வகுத்தார்கள். கியூஆர் குறி வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானது. மொழிக்காகத் தகட்டைப் பார்த்த நாடு பெற்றோலுக்காகத் தகட்டைப் பார்த்தது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருமகன் ஆல்டோவை விற்கவில்லை. அந்த வகையில் எங்கள் குடும்பத்தில் காலத்தைத் தாக்குப்பிடித்து நிற்கும் முதற்கார் அதுதான்.

ஆனால் இரவில் அவர் வீட்டுக் கதவை இப்போது யாரும் தட்டுவதில்லை. இந்திய அரசின் நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. களுதாவளையிலும் ஆபத்தென்றால் தொலைபேசியில் அழைக்கிறார்கள், அம்புலன்ஸ் வருகிறது. அழைக்க வேண்டிய எண் 1990. அந்த எண்ணை எவரும் எங்கள் கதையை நினைத்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ஊரில் அறுபது வயதைக் கடந்தவர்கள் மட்டும், அதைச் சொல்லும்போது ஒரு கணம் தயங்குவதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒஸ்ரினின் புத்தகம் வெள்ளத்தோடு போயிற்று. மொறிஸின் புத்தகம் வாங்கியவரோடு போயிற்று. டட்சனின் புத்தகம் இன்னும் அக்காவின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இதைப் படிக்கும் நண்பர்களின் வீடுகளிலும், அவர்கள் ரொறன்ரோவில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும், அப்படியொரு பழைய புத்தகமோ காரோடு நிற்கும் தகப்பனாரின் படமோ இருக்கக்கூடும். படத்தில் இலக்கத் தகடு தெரிந்தால், எறிந்துவிட வேண்டாம். எந்த ஆண்டு, எங்கே வாங்கினார்கள், எப்படிப் போனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். கேட்பதற்கு ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.